எது துத்தி?

உங்களை ஒரு கேள்வி கேட்கப் போகிறேன். துத்திச் செடியை உங்களுக்குத் தெரியுமா?

கிராமத்திலிருந்து பள்ளிக்கு வருபவர்களில் பலர் "தெரியும்" என்று உடனே கையைத் தூக்கிவிடுவீர்கள். மகிழ்ச்சி. ஆனால் என் கேள்வி இன்னும் முடியவில்லை. அது துத்திதான் என்பதற்கு உங்களிடம் என்ன சான்று இருக்கிறது? "எங்கள் ஆயா சொன்னார்கள்" என்பது ஒரு விடை, நல்ல விடையுங்கூட. "கைப்பேசியில் படம் எடுத்தேன், அது சொல்லிற்று" என்பது இன்னொரு விடை. "இலை இதய வடிவம், பூ மஞ்சள் நிறம்" என்பது மூன்றாவது விடை. இந்த மூன்றும் தொடக்கத்துக்கு உதவும். முடிவுக்கு உதவா என்பது என் கருத்து. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதை விளக்க உங்களை விருத்தாசலத்துக்கு அழைத்துச் செல்கிறேன்.

கடலூர் மாவட்டத்தில், மணிமுத்தாற்றங்கரையில் உள்ள ஊர் இது. பழமலைநாதர் கோயிலும் ரயில் சந்திப்பும் இவ்வூரின் பழைய அடையாளங்கள். பீங்கான் தொழில் பிற்காலத்தில் வந்து சேர்ந்த அடையாளம். ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்த பிறகு இங்கே ஒரு மாலைப்பொழுது நடந்து பாருங்கள். ஆற்றங்கரை மேட்டிலும், பீங்கான் பட்டறைகளின் சுற்றுச்சுவர் ஓரத்திலும், உடைந்த பீங்கான் துண்டுகள் கொட்டிக் கிடக்கும் இடத்திலும், ரயில் பாதைக்கு அப்பாலுள்ள தரிசிலும் மஞ்சள் பூக்கள் கண்ணில் படும். அவற்றில் பல மால்வேசி என்னும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. பருத்தி, வெண்டை, பூவரசு, புளிச்சகீரை எல்லாம் இந்தக் குடும்பத்து உறவினர்களே. 1998 முதல் மரபணு ஆராய்ச்சியின் அடிப்படையில் குடும்பங்களைத் திருத்தி அமைத்தபோது இலவ மரத்தையும் சணலையும் கோக்கோ மரத்தையுங்கூட இந்தக் குடும்பத்தில் சேர்த்துவிட்டார்கள். இப்போது இது 4,000க்கு மேற்பட்ட இனங்களைக் கொண்ட பெரிய குடும்பம்.

குடும்பத்தைக் கண்டுபிடிப்பது எளிது. தண்டின் பட்டையை உரியுங்கள். நீளமாக நாராக வரும். இலையைக் கசக்குங்கள், வெண்டைக்காய் நறுக்கியதுபோல் விரலில் வழவழப்பு ஒட்டும். பூவின் நடுவே பாருங்கள். மகரந்தத் தாள்கள் எல்லாம் ஒன்றாக இணைந்து ஒரு குழலாகி, அதன் உள்ளிருந்து சூல்தண்டு வெளியே வந்திருக்கும். இலையை உருப்பெருக்கி வழியாகப் பார்த்தால் நுண்ணிய மயிர்கள் ஒரே புள்ளியிலிருந்து நான்கைந்தாகக் கிளைத்து நட்சத்திரம்போல் தோன்றும். இத்தனையும் இருந்தால் குடும்பம் மால்வேசி. இதுவரை சிரமமே இல்லை. சிரமம், குடும்பத்துக்குள் புகுந்த பிறகுதான் தொடங்குகிறது.

பள்ளி விடும் நேரத்தில் மலரும் பூ

முதலில் உண்மையான துத்தியைப் பார்த்துவிடுவோம். தாவரவியலார் இதை அபுட்டிலான் இண்டிகம் என்பார்கள். ஆள் இடுப்பளவு, சில இடங்களில் தலையளவுகூட வளரும் குறுஞ்செடி. செடி முழுவதும் சாம்பல் பூசிய பச்சை. இலை நீண்ட காம்புடன், இதய வடிவில், விளிம்பில் ஒழுங்கற்ற பற்களோடு இருக்கும். தடவிப் பார்த்தால் வெல்வெட்டுத் துணியைத் தொட்டதுபோல் இருக்கும். இலைக்கோணத்திலிருந்து ஒரே ஒரு பூ நீண்ட காம்பில் வரும். அந்தக் காம்பை உற்றுப் பாருங்கள். பூவுக்குச் சற்றுக் கீழே ஒரு கணு தெரியும். வாடிய பூ அந்த இடத்தில்தான் ஒடிந்து விழும்.

பூ ஆரஞ்சு கலந்த மஞ்சள். இதழ்கள் ஐந்து. புல்லி வட்டத்துக்கு வெளியே, செம்பருத்தியில் இருக்கிறதே, அந்தப் புறப்புல்லி வட்டம் இதில் கிடையாது. இதை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

காலையில் பள்ளிக்குப் போகும்போது இந்தச் செடியைப் பார்த்தால் பூ மூடியே இருக்கும். மாலையில் பள்ளி விட்டுத் திரும்பும்போது பாருங்கள், விரிந்திருக்கும். பிற்பகலில் மலர்வது துத்தியின் வழக்கம். அதன் அருகிலேயே வளரும் அரிவாள்மனைப்பூண்டோ காலையில் மலர்ந்து நண்பகலுக்குள் மூடிக்கொள்ளும். கடிகாரமும் ஒரு தாவரவியல் கருவிதான். செடிகளைக் காலையில் மட்டுமே சேகரிக்கப் போகிறவர் துத்திப் பூவை விரிந்த நிலையில் பார்க்காமலே திரும்பிவிடுவார்.

துத்தியின் பெருமை அதன் கனியில் இருக்கிறது. பதினைந்து முதல் இருபது சிறு துண்டுகள் வட்டமாக அடுக்கப்பட்டு ஒரு பற்சக்கரம்போல் தோன்றும். மேற்புறம் தட்டையாக இருக்கும். முற்றினால் கறுத்து, துண்டுகள் பிரியும். ஒவ்வொரு துண்டின் முனையிலும் ஒரு சிறு மூக்கு நீட்டிக்கொண்டிருக்கும். இந்தக் காயை மையில் தோய்த்துக் காகிதத்தில் முத்திரை குத்தி விளையாடாத கிராமத்துப் பிள்ளை உண்டா? இதைப் பார்த்துத்தான் பெரியவர்கள் பணியாரத்துத்தி என்றும் பெயர் வைத்தார்கள். வேடிக்கை என்னவென்றால், வெகு தொலைவில் உள்ள அமெரிக்க நாட்டிலும் இதே எண்ணம் தோன்றியிருக்கிறது. சீனத்திலிருந்து நாருக்காக 18ஆம் நூற்றாண்டில் அங்கே கொண்டுபோகப்பட்ட ஒரு துத்தி இனம், அபுட்டிலான் தியோஃபிராஸ்டி, இன்று அங்குள்ள மக்காச்சோள வயல்களிலும் சோயா வயல்களிலும் பெருங்களை. அதற்கு அந்நாட்டு மக்கள் வைத்த பெயர்களில் ஒன்று 'வெண்ணெய் முத்திரை'. மற்றொன்று 'பணியார முத்திரை' என்று நாம் தமிழாக்கிக்கொள்ளத் தக்கது. காயை வெண்ணெய்க் கட்டியிலும் மாப்பண்டத்தின் ஓரத்திலும் அழுத்திப் பூ வேலை செய்வார்களாம். இரண்டு நாட்டுச் சமையலறைகளும் கலந்து பேசிக்கொண்டு வைத்த பெயர்கள் அல்ல!

செம்பருத்தியின் மேல் எனக்கு ஒரு குறை

பூவின் பாகங்கள் என்றதும் ஆய்வுக்கூட மேசைக்கு வருவது செம்பருத்தி. பல தலைமுறைகளாக இப்படித்தான் நடந்து வருகிறது. பெரிய பூ, பாகங்கள் தெளிவு, பள்ளித் தோட்டத்திலேயே கிடைக்கும் என்பவை நியாயமான காரணங்களே. எனக்குச் செம்பருத்தியின் மேல் பகை ஒன்றும் இல்லை. ஆனால் அது மாணவனுக்குப் பாதிக் கதையைத்தான் சொல்கிறது. நம் தோட்டத்துச் செம்பருத்தி காய்ப்பது அரிது. பூவைப் பிளந்து, சூலகத்தை வெட்டி, "அச்சு சூலொட்டு முறை" என்று எழுதிவிட்டு, அந்தச் சூலகம் பின்னால் என்னவாகிறது என்பதைப் பார்க்காமலே வகுப்பு முடிந்துவிடும். மேலும் அது காட்டுச் செடியே அல்ல. மனிதன் வளர்த்துக் கலந்து உருவாக்கிய தோட்டச் செடி. அதன் விஞ்ஞானப் பெயருக்குச் 'சீனத்து ரோஜா' என்பது பொருள். அது ரோஜாவும் இல்லை. சீனக் காடுகளில் அதைத் தானாக வளரக் கண்டவரும் இல்லை.

மேசையில் செம்பருத்தி ஒன்றுதான் இருக்கும்போது 'எது?' என்ற கேள்வியே எழுவதில்லை. அது செம்பருத்தி என்று ஆசிரியர் சொன்னார், நாம் எழுதிக்கொண்டோம். ஆனால் தரிசு நிலத்தில் நான்கு மஞ்சள் பூக்களின் முன் நிற்கும்போதுதான் 'எது?' என்ற கேள்வி பிறக்கும். அந்தக் கேள்வியிலிருந்துதான் தாவரவியல் தொடங்குகிறது. ஆகவே செம்பருத்திக்குப் பக்கத்தில் ஒரு துத்திக் கிளையையும், துத்தியைப்போல் தோன்றும் வேறு இரண்டு கிளைகளையும் வைக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். அவற்றுக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. பள்ளி மதில் சுவரின் வெளிப்புறத்தில் இருக்கின்றன. 'களை' என்று வெட்டி எரியாமல் விட்டிருந்தால்!

கனியை உடைத்துப் பாருங்கள்

நான் மாணவனாக இருந்தபோது ஒரு செடியைப் பிடுங்கி, உலர்த்தி, காகிதத்தில் ஒட்டி, கீழே 'துத்தி' என்று அழகாக எழுதினேன். இலை இதய வடிவம்தான், வெல்வெட்டுப்போல் மென்மைதான், பூவும் மஞ்சள்தான். பல ஆண்டுகள் கழித்து அந்தத் தாளை எடுத்துப் பார்த்தபோது, நான் ஒட்டியிருந்தது நிலத்துத்தி என்று தெரிந்தது. விஞ்ஞானப் பெயர் சிடா கார்டிஃபோலியா. பெயரிலேயே 'இதய இலை' இருக்கிறது. நான் இலையை மட்டுமே பார்த்தேன், கனியைப் பார்க்கவில்லை.

இதில் நான் ஓரளவு ஆறுதல் தேடிக்கொள்ளலாம். தாவரங்களுக்கு இரட்டைப் பெயர் சூட்டும் முறையை நிலைநாட்டிய லின்னேயஸ், 1756இல் நம் துத்திக்குச் சூட்டிய பெயர் சிடா இண்டிகா! அதாவது நிலத்துத்தியின் கூட்டத்திலேயே துத்தியையும் சேர்த்திருந்தார். 1826இல் ஸ்வீட் என்னும் ஆங்கிலத் தாவரவியலார் அதை அபுட்டிலானுக்கு மாற்றினார். அன்றிலிருந்து அபுட்டிலான் இண்டிகம் என்ற பெயர் நிலைத்தது.

ஏன் மாற்ற வேண்டும்? முற்றிய கனி ஒன்றை உள்ளங்கையில் வைத்து நசுக்குங்கள். துண்டுகள் பிரியும். ஒரே ஒரு துண்டை எடுத்து நகத்தால் பிளந்து விதைகளை எண்ணுங்கள். சிடா கூட்டத்தில் ஒரு துண்டுக்கு ஒரே விதை. அபுட்டிலானில் ஒரு துண்டுக்கு ஒன்றுக்கு மேல்; நம் துத்தியில் பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று. துண்டுகளின் எண்ணிக்கையும் வேறு. சிடாவில் பெரும்பாலும் ஐந்து முதல் பத்துக்குள் அடங்கிவிடும். நிலத்துத்தியின் துண்டுகளில் இரண்டு நீண்ட முட்கள் நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றில் கீழ்நோக்கிய மயிர்கள் உண்டு. ஆட்டின் ரோமத்திலும் உங்கள் கால்சட்டையிலும் பற்றிக்கொள்ளும். இவ்வளவு பெரிய வேறுபாடு ஒரு மிளகளவு துண்டுக்குள் ஒளிந்திருக்கிறது.

இன்னும் இரண்டு பேரை அறிமுகப்படுத்துகிறேன். ஒன்று, அபுட்டிலான் ஹிர்ட்டம். துத்தியின் உடன்பிறப்பே. தண்டில் நீண்ட மயிர்கள் அடர்ந்து, தொட்டால் பிசுபிசுக்கும். பூவின் நடுவில் கருஞ்சிவப்புத் திட்டு இருக்கும். நம் துத்திப் பூவில் அது இல்லை. கனித்துண்டுகளும் கூடுதல். மற்றொன்று, ஒட்டுத்துத்தி. பெயரில் துத்தி என்று இருப்பதால் ஏமாந்துவிடாதீர்கள். அது யூரீனா லோபேட்டா, பூ இளஞ்சிவப்பு, காய் முழுவதும் கொக்கி முட்கள். தமிழில் துத்தி என்பது ஒரு செடியின் பெயராக மட்டும் இல்லாமல் ஒரு சாயலின் பெயராகவும் இருக்கிறது. நம் முன்னோர் தவறு செய்துவிட்டார்கள் என்று இதற்குப் பொருளல்ல. நிலத்துத்தி, ஒட்டுத்துத்தி, பணியாரத்துத்தி என்று முன்னொட்டுச் சேர்த்துப் பிரித்துக் காட்டியிருக்கிறார்கள். லின்னேயஸ் செய்ததும் ஏறக்குறைய இதே வேலைதான். முன்னொட்டை விட்டுவிட்டு வெறும் 'துத்தி' என்று பேசத் தொடங்கியவர்கள் நாமே.

கடைச்சரக்கில் நடந்தது

"சரி ஐயா, பெயரில் என்ன வந்தது? நிலத்துத்தியைத் துத்தி என்று சொன்னால் யாருக்கு என்ன நட்டம்?" என்று உங்களில் ஒருவர் கேட்பீர்கள். கேட்கவும் வேண்டும்.

நிலத்துத்தியின் வேரை ஆயுர்வேதத்தில் 'பலா' என்பார்கள். (நாம் தின்னும் பலாப்பழத்துக்கும் இதற்கும் தொடர்பு இல்லை.) நாட்டு மருந்துக் கடைகளில் இந்த வேர் உலர்ந்த துண்டுகளாகவும் பொடியாகவும் விற்கப்படுகிறது. உலர்ந்த வேர்த்துண்டில் இலை ஏது, பூ ஏது, கனி ஏது? ஆகவே சென்னையை அடுத்த காட்டாங்கொளத்தூரில் உள்ள எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழக ஆய்வாளர்கள் டி.என்.ஏ. முறையைக் கையாண்டார்கள். சந்தையிலிருந்து வாங்கிய மாதிரிகளின் டி.என்.ஏ.வை, சரியாக அடையாளம் கண்ட செடிகளின் டி.என்.ஏ.வோடு ஒப்பிட்டார்கள். முடிவு 2015இல் வெளியாயிற்று. மாதிரிகளில் ஒன்றுகூட உண்மையான சிடா கார்டிஃபோலியா அல்ல! நூற்றுக்கு 76 பங்கு, சிடாவின் வேறு இனங்கள். அதில் அரிவாள்மனைப்பூண்டு எனப்படும் சிடா அக்யூட்டா மட்டும் 36 பங்கு. மீதி 24 பங்கு வேறு பேரினங்களே. அவற்றில் அபுட்டிலான் 8 பங்கு.

இதில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. சிடா கார்டிஃபோலியா வேரில் இருப்பதைவிட ஆறு மடங்கு எஃபிட்ரின் என்னும் பொருள் சிடா அக்யூட்டாவில் இருப்பதாக அந்த ஆய்வுரை எச்சரிக்கிறது. எஃபிட்ரின் இதயத் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் கூட்டக்கூடியது. இரத்த அழுத்தம் உள்ள ஒரு முதியவர், ஒரு செடியின் அளவை மனத்தில் கொண்டு வேறொரு செடியை உட்கொண்டால் என்ன ஆகும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். பெயரில் என்ன வந்தது என்ற கேள்விக்கு இதைவிட வேறு விடை வேண்டுமா? யாரோ திட்டமிட்டுக் கலப்படம் செய்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. தரிசில் செடி பிடுங்குபவர் 'சிற்றாமுட்டி' என்று நினைத்துப் பிடுங்குகிறார். வாங்குபவர் நம்பி வாங்குகிறார். கனியை உடைத்துப் பார்ப்பவர் இந்த வரிசையில் ஒருவரும் இல்லை.

இதை எழுதும்போது ஒரு முன்னெச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். செடியை அடையாளம் கண்டுகொண்டோம் என்பதற்காக எந்த இலையையும் வாயில் போட்டுப் பார்க்காதீர்கள். மருந்து கொடுப்பது மருத்துவர் வேலை.

உழவருக்கும் இந்த அடையாளம் தேவை. பருத்திக்கும் வெண்டைக்கும் நோய் கடத்தும் வெள்ளை ஈ, பயிர் இல்லாத காலத்தில் உறவுச் செடியான துத்தியில் தங்கிக்கொள்ளும். ஆகவே பருத்தி வயலைச் சுற்றித் துத்தியை வளரவிடாதீர்கள் என்று வேளாண் துறையினர் அறிவுரை கூறுவதுண்டு. வயல் ஓரத்தில் நீக்க வேண்டியது எது, விட்டுவைக்கத்தக்கது எது என்பதற்கும் முதலில் 'எது துத்தி?' என்று தெரிந்தாக வேண்டும்.

சோழமண்டலம் என்ற பெயர்

விருத்தாசலத்தில் நின்று இன்னொரு மஞ்சள் பூவையும் பார்க்க வேண்டும். முழங்கால் உயரம். இலை நீள்வட்டம், நரம்புகள் உள்ளே அழுந்தி, விளிம்பு பற்களாக இருக்கும். பூ சிறியது. புல்லி வட்டத்துக்கு வெளியே மூன்று குறுகிய புறப்புல்லிகள் உண்டு. (நினைவில் வைக்கச் சொன்னேன் அல்லவா? துத்தியில் இது இல்லை.) இதன் பெயர் மால்வாஸ்ட்ரம் கோரமண்டலியானம். கோரமண்டல் என்பது சோழமண்டலக் கரை. அதாவது விருத்தாசலத்துக்குக் கிழக்கே உள்ள நம் கடற்கரை. நம் மாவட்டத்துக் கரையின் பெயரையே விஞ்ஞானப் பெயராகத் தாங்கிய செடி என்று பெருமைப்பட்டுக்கொள்ளத் தோன்றும். 1753இல் லின்னேயஸ் இதை மால்வா கோரமண்டலியானா என்று குறித்தார். 1857இல் கார்க்கே அதை இன்றைய பேரினத்துக்கு மாற்றினார். ஆனால் செடியின் தாயகம் அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதி! கப்பல்களும் மனிதர்களும் சென்ற வழியில் உலகெங்கும் பரவிய களை அது.

இப்படியாக, பெயரில் 'இண்டிகம்' என்றிருக்கும் துத்தி உண்மையிலேயே நம் மண்ணின் செடி. 'கோரமண்டலியானம்' என்றிருப்பது வந்தேறி. 'சைனென்சிஸ்' என்றிருக்கும் செம்பருத்தி எந்த நாட்டுக் காட்டுக்கும் சொந்தமில்லை. பெயர் ஒரு முகவரிச்சீட்டு மட்டுமே. முகவரிச்சீட்டில் எழுதியிருப்பதை அப்படியே நம்பி ஊர் போய்ச் சேர முடியாது.

வந்தேறி என்றால் இழிவு என்று எண்ணிவிடாதீர்கள். விருத்தாசலத்து வேளாண் ஆராய்ச்சி நிலையம் பெயர் பெற்றதே முந்திரியாலும் நிலக்கடலையாலுந்தான். இரண்டுக்கும் தாயகம் தென் அமெரிக்கா. அவற்றால் இவ்வட்டாரத்தில் எத்தனையோ குடும்பங்கள் பிழைக்கின்றன. நான் சொல்வது அயல் செடியை வெறுக்க வேண்டும் என்பதல்ல. எது எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் ஒரு நிலத்தின் வரலாற்றை எழுத முடியாது என்பதே. இன்று தரிசில் துத்தி எத்தனை, மால்வாஸ்ட்ரம் எத்தனை என்று எண்ணி வைப்பவர் இருந்தால்தான் இருபது ஆண்டு கழித்து எது பெருகியது, எது குறைந்தது என்று சொல்ல முடியும்.

இந்தக் கரையில் அப்படி எண்ணியும் எழுதியும் வைத்தவர்கள் இருந்தார்கள். லின்னேயஸிடம் பயின்ற கோனிக் 1768இல் தரங்கம்பாடிக்கு வந்து செடிகளைச் சேகரித்தார். 1776இல் அங்கே வந்த ராட்லர் பாதிரியாரும் பின்னர் அதே வேலையில் இறங்கினார். அவர் உலர்த்திய செடிகள் இலண்டனை அடுத்த கியூ தோட்டத்தில் இருக்கின்றன. அந்த ராட்லரே தமிழ் அகராதி ஒன்றையும் தொகுத்தார். காலையில் செடி, மாலையில் சொல்! இரண்டும் ஒரே வகை உழைப்புதான் என்று எனக்குத் தோன்றுகிறது. பின்னர் கேம்பிள் தொடங்கி ஃபிஷர் முடித்த சென்னை மாகாணத் தாவர நூல் 1915 முதல் 1936 வரை வெளிவந்தது. திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினாட் உலர்தாவரகத்தை 1967இல் நிறுவிய மாத்யூ அடிகளார், 1980களின் தொடக்கத்தில் நம் சமவெளித் தாவரங்களைப் படங்களோடு நூல்களாக்கினார். உங்கள் கல்லூரி நூலகத்தில் அவை இருந்தால் மால்வேசிப் பக்கங்களைத் திறந்து பாருங்கள். அவர்கள் எல்லோருமே கனித்துண்டுகளை எண்ணியிருக்கிறார்கள்.

கைப்பேசி ஒன்றை மட்டும் அறியாது

கைப்பேசிச் செயலிகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நான் அவற்றைப் பயன்படுத்துகிறேன். நீங்களும் பயன்படுத்துங்கள். நீங்கள் எடுத்த படத்தை, தான் ஏற்கெனவே பார்த்துப் பழகிய இலட்சக்கணக்கான படங்களோடு ஒப்பிட்டு ஒரு பெயரைச் சொல்கிறது செயலி. இலை, பூ, நிறம் ஆகியவற்றில் அது கெட்டிக்காரன். ஆனால் கனித்துண்டைப் பிளந்து விதையை எண்ண அதனால் முடியாது. தண்டைத் தொட்டுப் பிசுபிசுப்பு உணர முடியாது. காலையில் மூடியிருந்த பூ மாலையில் விரிந்தது என்பதும் அதற்குத் தெரியாது. செயலி சொல்லும் பெயரைப் பென்சிலால் எழுதுங்கள். கனியை உடைத்த பிறகு மையால் எழுதுங்கள்.

ஆயாவின் விடையையும் நான் தள்ளிவிடவில்லை. ஒரு முறை மணிமுத்தாற்றங்கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவரிடம் இரண்டு கிளைகளை நீட்டி, "ஆயா, இது ரெண்டும் ஒண்ணுதானா?" என்று கேட்டேன். "அது எப்படிய்யா ஒண்ணாவும்? இது துத்தி. அது ஆடு மேல ஒட்டிக்கிற துத்தி" என்றார். நான் உருப்பெருக்கியில் பார்க்க இருந்த முள்ளை அவர் ஆட்டின் முதுகில் பார்த்திருந்தார். ஆயா சொன்னதை எழுதிக்கொள்ளும்போது பெயரோடு நின்றுவிடாமல், அவர் அதை எதைக்கொண்டு பிரிக்கிறார் என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

களிமண்ணில் ஒரு முத்திரை

செடியை உலர்த்தி வைக்கும் முறை உங்களுக்குத் தெரிந்திருக்கும். பூவும் கனியும் உள்ள கிளையைப் பழைய செய்தித்தாள் மடிப்பில் வைத்து, மேலே பாரம் ஏற்றி, தினமும் தாளை மாற்றி, ஈரம் போனதும் 42 செ.மீ. நீளம், 28 செ.மீ. அகலமுள்ள கெட்டிக் காகிதத்தில் தைத்தோ ஒட்டியோ வைக்க வேண்டும். இடம், நாள், உயரம், பூவின் நிறம், மலரும் நேரம், ஊரில் வழங்கும் பெயர் ஆகியவற்றை அன்றைக்கே எழுதிவிட வேண்டும். உலர்ந்த பின் மஞ்சள் வெளுத்துவிடும். எழுதாத நிறம் திரும்பி வராது. ஐயம் நீடித்தால் இன்னொரு கிளையை உலர்த்தி, ஆசிரியர் மூலமாகக் கோயம்புத்தூரில் உள்ள இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் தென்மண்டல உலர்தாவரகத்துக்கோ, அருகில் உள்ள கல்லூரிக்கோ எழுதிக் கேட்கலாம்.

ஆனால் இந்த முறையில் ஒரு குறை உண்டு. தட்டையாக அழுத்தும்போது துத்திக் கனி நசுங்கிவிடும். கனிதான் முக்கியம் என்று இவ்வளவு நேரம் சொல்லிவிட்டு அதை நசுக்கலாமா? விருத்தாசலத்துப் பிள்ளைகளுக்கு இதற்கு ஒரு வழி கையருகிலேயே இருக்கிறது. பீங்கான் பட்டறையில் கேட்டால் ஒரு கைப்பிடி பிசைந்த களிமண் தர மாட்டேன் என்று யார் சொல்வார்கள்? மற்ற ஊர்ப் பிள்ளைகள் குயவர் வீட்டில் கேளுங்கள். களிமண்ணை விரல் தடிப்பில் தட்டி, முற்றும் தறுவாயில் உள்ள துத்திக் கனியை மேற்புறம் கீழாக வைத்து மெல்ல அழுத்தி எடுங்கள். சக்கரம் அப்படியே பதியும். அருகில் நிலத்துத்திக் கனியையும் மால்வாஸ்ட்ரம் கனியையும் பதியுங்கள். தொல்பொருள் ஆய்வாளர்கள் பழைய பானை ஓடுகளில் பதிந்துள்ள நெல் உமியின் தடத்தைக் கொண்டு அக்காலத்தில் என்ன விளைந்தது என்று கண்டுபிடிக்கிறார்கள். தானியம் சூளையில் எரிந்து போனாலும் தடம் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் நிற்கிறது. உங்கள் துத்திக்கும் அதே ஆயுள் கிடைக்கலாம்.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். களிமண் உலரும்போது சுருங்கும். சுடும்போது மறுபடியும் சுருங்கும். சூளையிலிருந்து வந்த முத்திரையை அளந்து 'கனியின் விட்டம் இவ்வளவு' என்று எழுதினால் தவறாகிவிடும். ஆகவே ஈர மண்ணிலேயே முத்திரைக்குப் பக்கத்தில் சரியாக 10 செ.மீ. நீளத்துக்கு ஒரு கோடு கீறிவிடுங்கள். பீங்கான் தொழிலில் மண்ணின் சுருக்கத்தை அறியச் செய்வதும் இதுவே. சுட்டு எடுத்த பிறகு அந்தக் கோடு 9 செ.மீ. இருந்தால், முத்திரையும் பத்தில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது என்று கணக்கிட்டுக்கொள்ளலாம். ஓட்டின் பின்புறம் இடத்தையும் நாளையும் ஆணியால் கீறிவிடுங்கள். பெயருக்கு இடம் விட்டு வையுங்கள்; விதையை எண்ணிய பிறகு எழுதிக்கொள்ளலாம்.